எந்தக் காரில் வீடு திரும்புவது?

அறுவைச் சிகிச்சை முடிந்து நோயாளி வீடு திரும்பும் நாளில் உறவினர்கள் பல கேள்விகளைக் கேட்பார்கள். எந்த மாத்திரையை உணவுக்கு முன் கொடுப்பது, தையலை எப்போது பிரிப்பது, குளிக்கலாமா, புளி சேர்க்கலாமா என்று கேள்விகள் நீளும். ஆனால் “எந்தக் காரில் அழைத்துச் செல்வது?” என்று கேட்பவர் மிகச் சிலரே. கார் என்றால் கார்தான். கிடைத்ததில் ஏற்றிச் செல்வோம் என்பதே பொதுவான எண்ணம். ஒரு மறுவாழ்வு மருத்துவர் என்ற முறையில், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுமாறு கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கான்சாபுரத்திலிருந்து சிகிச்சைக்கு வரும் ஒரு மூதாட்டியை எண்ணிக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள ஊர். அங்கிருந்து வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 744-ஐ அடைந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ இராஜபாளையத்துக்கோ வர வேண்டும். இடையில் வேகத்தடைகள், வளைவுகள், பள்ளங்கள். இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து சில நாள்களே ஆன நிலையில், அதே வழியில் அவர் திரும்பிச் செல்ல வேண்டும். மருத்துவமனைக் கட்டிலின் உயரத்தையும் கழிப்பறை இருக்கையின் உயரத்தையும் அவருக்கேற்ப அமைத்துக் கொடுத்திருப்போம். ஆனால் வாசலில் வந்து நிற்கும் காரின் இருக்கை அவருடைய முழங்காலுக்குக் கீழே இருந்தால், அதுவரை காத்த கவனமெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வீணாகலாம். தாழ்வான இருக்கையில் அமரும்போது இடுப்பு மிகுதியாக மடங்கும். புதிய மூட்டு நழுவும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வெளியே நீளம், உள்ளே இடம்

பெரிய கார் என்றால் உள்ளே இடம் மிகுதி, விலை கூடினால் வசதியும் கூடும் என்று நம்புகிறோம். அளவுகள் வேறு கதை சொல்கின்றன.

காரின் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரையுள்ள தூரத்தைச் சக்கர இடைவெளி என்போம். பயணிகள் அமரும் அறை பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான் அடங்கும். ஆகவே கால் நீட்டும் இடத்தைத் தீர்மானிப்பதில், காரின் மொத்த நீளத்தைவிட இந்த அளவுக்கே பங்கு அதிகம். 1950களின் இறுதி முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசடர் காரை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்வார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், சக்கர இடைவெளி 2,464 மி.மீ. 2017இல் வந்த மாருதி டிசையரின் நீளம் 3,995 மி.மீ.; சக்கர இடைவெளி 2,450 மி.மீ. 2019இல் வந்த வேகன் ஆரின் நீளம் 3,655 மி.மீ. மட்டுமே, ஆனால் சக்கர இடைவெளி 2,435 மி.மீ. அம்பாசடரைவிட வெளியே இரண்டடிக்கும் மேல் குட்டையான கார், சக்கர இடைவெளியில் மூன்று சென்டிமீட்டரைக்கூட இழக்கவில்லை!

இந்த விந்தைக்குக் காரணம் எந்திரம் வைக்கப்பட்ட விதம். 1959இல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி கார், எந்திரத்தைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்து முன் சக்கரங்களையே இயக்கியது. மூன்று மீட்டரைச் சற்றே தாண்டிய அந்தக் காரின் தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு பயணிகளுக்கும் அவர்களுடைய பொருள்களுக்கும் கிடைத்தது. இன்று நம் தெருக்களில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவை அந்த வழியைப் பின்பற்றியவையே.

நீளத்தை நிர்ணயிப்பதில் வரிக்கும் பங்குண்டு. 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. 2008இல் நான்கு மீட்டரைத் தாண்டிய நீளத்துடன் வந்த டிசையர், 2012இல் 3,995 மி.மீ. ஆகச் சுருங்கியதற்கு இதுவே காரணம். அப்போது குறைந்தது பயணிகளின் இடமன்று. டிக்கியின் கொள்ளளவே 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராகக் குறைந்தது. நடைச்சட்டத்தையும் மடக்குச் சக்கர நாற்காலியையும் எடுத்துச் செல்லும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பெரிது.

உயரத்தையும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன வேகன் ஆரின் உயரம் 1,675 மி.மீ.; டிசையரின் உயரம் 1,515 மி.மீ. இந்த 16 செ.மீ. வேறுபாடுதான் நோயாளி தலையைக் குனிந்து, இடுப்பை முறுக்கி நுழைகிறாரா, நாற்காலியில் அமர்வதுபோல் அமர்கிறாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. 1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவான சான்ட்ரோவும், அடுத்த ஆண்டு வந்த வேகன் ஆரும் உயரமான சிறு கார் என்ற வகையை நம் நாட்டில் பரப்பின. முதுகுவலிக்காரர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் அது நல்ல வரவு.

இரண்டு உயரங்கள்

இருக்கைக்கு இரண்டு உயரங்கள் உண்டு; இரண்டையும் பிரித்தறிவது மிக முக்கியம்.

முதலாவது, சாலையிலிருந்து இருக்கை வரையுள்ள உயரம். ஏறுவதும் இறங்குவதும் இதைப் பொறுத்தவை. இதை அளக்க நாடா வேண்டியதில்லை. நோயாளி காருக்கு முதுகைக் காட்டி, கதவருகே நிற்கட்டும். இருக்கையின் விளிம்பு அவருடைய தொடையின் நடுப்பகுதியில் பட்டால் பொருத்தம். முழங்காலின் பின்மடிப்புக்குக் கீழே இருந்தால் மிகத் தாழ்வு. பின்புறத்துக்கு மேலே இருந்தால் மிக உயரம். ஏறிக் குதிக்க நேரும்.

இரண்டாவது, காரின் உள்தரையிலிருந்து இருக்கை வரையுள்ள உயரம். அமர்ந்த பின் முழங்கால் எங்கே நிற்கிறது என்பதை இது முடிவு செய்கிறது. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நின்றால், குத்தவைத்து உட்கார்ந்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. வெளியிலிருந்து பார்க்க உயரமாகத் தோன்றும் ஊர்திகளிலும் மூன்றாம் வரிசை இருக்கைகள் உள்தரைக்கு மிக அருகில் இருப்பதுண்டு. மின்கலத்தைத் தரைக்கு அடியில் வைத்த மின்சாரக் கார்கள் சிலவற்றில் பின்பகுதித் தரை உயர்ந்திருப்பதால், பின்னால் அமர்பவரின் முழங்கால்களும் உயர்கின்றன. வாங்குவதற்கு முன் அமர்ந்து பார்த்தாலொழிய இது தெரியாது.

கார் வகைகள்: ஒரு மருத்துவ ஒப்பீடு

தாழ்வான சிறு கார்: மாருதி 800, ஆல்ட்டோ போன்றவை. குறுகிய தெருவில் வீட்டு வாசல் வரை வரும் என்பது பெரும் நன்மை. ஆனால் இருக்கை தாழ்வு, கதவுத் திறப்பு குறுகலானது. முன் இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளினால்தான் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் நுழைய முடியும். அப்போது அவருக்குப் பின்னால் எவரும் அமர இயலாது.

உயரமான சிறு கார்: ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எளிது. நிமிர்ந்து அமரலாம். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு, மூட்டு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. எடை குறைந்த ஊர்தியாகையால், மோசமான சாலையில் குலுக்கல் சற்று மிகுதி.

செடான்: டிக்கி தனியாக இருப்பதால் பொருள்களுக்கு இடமுண்டு. நெடுஞ்சாலையில் ஓட்டம் சீராக இருக்கும். ஆனால் இருக்கை தாழ்வு. பின்புறக் கூரை சரிவதால் பின் கதவில் தலையைக் குனிந்தே நுழைய வேண்டும். விலையுயர்ந்த செடான் பல, இடுப்பு மூட்டு நோயாளிக்கு விலை குறைந்த உயரமான சிறு காரைவிடப் பொருந்தாதவை. முதுகில் பெரிய குறையில்லாத, எழுந்து அமர வல்ல நோயாளிக்கு நல்ல தேர்வு.

ஜீப் வகை: பொலேரோ, ஸ்கார்ப்பியோ போன்றவை. நம் பகுதித் தோட்டங்களுக்கும் மலையடிவாரப் பாதைகளுக்கும் ஏற்றவை. நோயாளிக்கு ஏறுவதே சோதனை. உறுதியான படிமேடை ஒன்று இருந்தாலன்றி இவற்றைத் தவிர்ப்பது நலம். பின்பகுதியில் ஒருவரையொருவர் பார்த்து அமரும் குறுக்கு இருக்கைகளில் நோயாளியை ஒருபோதும் அமர்த்தக் கூடாது.

பல்பயன் ஊர்தி: இன்னோவா, எர்டிகா போன்றவை. நடு வரிசையில் கால் நீட்ட இடமுண்டு, சாய்மானத்தைச் சரிசெய்யலாம். நடு வரிசை இரு சக்கர அச்சுகளுக்கும் இடையில் இருப்பதால் குலுக்கலும் குறைவு. மதுரைக்கோ, அதற்கு அப்பாலோ செல்வதற்கு ஏற்றவை. கடைசி வரிசை பின்சக்கரத்தின் மேலேயே அமைந்தது. அது உடல்நலத்தோடு இருக்கும் இளைஞர்களுக்கு உரியது.

வேன்: 1984இல் வந்து 2019இல் நின்றுபோன ஆம்னியும், அதன் வழியில் வந்த ஈக்கோவும் இன்றும் வாடகைக்குக் கிடைக்கின்றன. சறுக்குக் கதவு அகலமாகத் திறப்பதால் பின்னால் ஏற்றுவது எளிது. ஆனால் ஆம்னியில் முன்னால் அமர்பவரின் கால்களுக்கு முன் மெல்லிய தகடு மட்டுமே உள்ளது. அங்கு நோயாளியை அமர்த்த வேண்டாம்.

ஆட்டோ: ஊருக்குள் மறுபரிசோதனைக்கு வந்து செல்லலாம். அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதல் பயணத்துக்கு உரியதன்று. சாய்மானம் செங்குத்தானது, சீட் பெல்ட் கிடையாது, சிறு பள்ளமும் நேராக முதுகெலும்பில் வந்து மோதும்.

மெத்தென்ற இருக்கை நல்லதா?

உட்கார்ந்தவுடன் அமிழும் இருக்கையைச் சொகுசு என்று எண்ணுகிறோம். பத்து நிமிடத்துக்கு அது உண்மை. அதன்பின் இடுப்பு கீழே அமிழ்ந்து, முழங்கால் மேலே எழும்பி, முதுகு வில்லாக வளைகிறது. எழும்போது இரு மடங்கு முயற்சி தேவைப்படுகிறது. நோயாளிக்கு வேண்டியது அமிழாத, ஆனால் கடினமுமில்லாத இருக்கை.

சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், 1960களில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிடச் சாய்மானமின்றி உட்காரும்போது வட்டின்மீது அழுத்தம் கூடுவதாக அவர் கண்டார். 1999இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு இதைச் சற்றுத் திருத்தியது: தளர்வாக அமர்வதால் அழுத்தம் அவ்வளவு கூடுவதில்லை; முன்னோக்கி வளைந்து அமரும்போதுதான் மிகுதியாகிறது. நமக்குத் தேவையான பாடம் தெளிவு. சாய்மானத்தைச் செங்குத்திலிருந்து சற்றே பின்னுக்குச் சாயுங்கள். இடுப்பின் பின்வளைவில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். இது செலவில்லாத சிகிச்சை.

இருக்கையின் ஆழமும் முக்கியம். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாக நம் மூதாட்டியர், ஆழமான இருக்கையில் அமரும்போது முதுகு சாய்மானத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், இருக்கை அவருக்குப் பொருந்துகிறது. இல்லையெனில் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை தேவை.

அதிர்வைப் பற்றியும் ஒரு சொல். அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பு, வினாடிக்கு 4 முதல் 6 வரையிலான அதிர்வுகளுக்கு மிகுதியாக அசைந்துகொடுக்கும் இயல்புடையது. டிராக்டரும் லாரியும் இத்தகைய அதிர்வுகளையே எழுப்புகின்றன. அவற்றை ஓட்டுபவர்களுக்கு முதுகுவலி மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே டயரில் காற்று சரியாக இருப்பதும், வேகத்தடைக்கு முன்பே ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பதும் வலி மாத்திரைக்கு நிகரானவை.

யாருக்கு எந்த இடம்?

இடுப்பு மூட்டு மாற்றியவர்கள்: முன்னால், ஓட்டுநருக்கு அருகில். இருக்கையை முழுவதும் பின்தள்ளி, சாய்மானத்தைச் சாய்த்து, அமிழாத திண்டு ஒன்றை மேலே வைத்துக்கொள்ளுங்கள். திண்டின்மேல் வழுவழுப்பான பை ஒன்றை விரித்தால் உடலை முறுக்காமல் திரும்பலாம். திரும்பியதும் அதை எடுத்துவிடுங்கள். முதலில் அமர்வது, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே கொண்டுவருவது என்பதே ஒழுங்கு. இடுப்பை எவ்வளவு மடக்கலாம், எத்தனை வாரம் வரை என்பதை உங்கள் அறுவை மருத்துவர் கூறுவார்.

முழங்கால் மூட்டு மாற்றியவர்கள்: கால் நீட்ட இடமே முதல் தேவை. மணிக்கு ஒருமுறை காரை நிறுத்தி நான்கடி நடப்பது நல்லது. அமர்ந்திருக்கும்போதே கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள்.

இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள்: பின் இருக்கை. முன்னால் விரியும் ஏர்பேக், ஆறாத மார்பெலும்புக்கு ஆபத்து. சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் இடையே சிறு தலையணை வைக்கலாம். கைப்பிடியைப் பற்றி இழுத்து எழக் கூடாது. கால்களின் வலுவால் எழ வேண்டும்.

கருவுற்ற தாய்மார்கள்: பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்பின் நடுவே, வயிற்றின் பக்கவாட்டில் செல்ல வேண்டும். வயிற்றின்மேல் பட்டை படக் கூடாது. அதற்காகப் பெல்ட்டையே தவிர்க்கவும் கூடாது. பிறந்த குழந்தையுடன் தாய் பின்னால் அமர வேண்டும். பின்னோக்கிய குழந்தை இருக்கையே பாதுகாப்பானது. எக்காரணத்தாலும் குழந்தையை மடியில் வைத்து முன்னால் அமராதீர்கள்.

மூச்சுத் திணறல் உள்ளவர்கள்: நிமிர்ந்து அமரும் உயரமான கார். ஆக்சிஜன் சிலிண்டர் உருளாதபடி கட்டப்பட வேண்டும். காருக்குள் எவரும் புகைக்கக் கூடாது.

நீண்ட பயணம் மேற்கொள்வோர்: விமானம், தொடர்வண்டி, பேருந்து, கார் எதுவாயினும், நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து செல்வோருக்குக் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக நல நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். சென்னை போன்ற தொலைவூர்களுக்குக் காரை விட, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் நின்று செல்லும் பொதிகை விரைவு வண்டியின் கீழ்ப்படுக்கை பலருக்கு ஏற்றதாக இருக்கும். மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காரே கூடாத நேரங்கள்

நோயாளியைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, தலையை ஒருவர் மடியில் ஏந்தி வருவது நம்மிடையே வழக்கம். அன்பின் வெளிப்பாடுதான், எனினும் திடீரென்று பிரேக் போட்டால் அவரைத் தாங்க எதுவுமில்லை. உட்கார முடியாதவருக்கு உரிய ஊர்தி ஆம்புலன்ஸ்தான். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், கை கால் செயலிழப்பு, வாய் கோணுதல் ஆகியவற்றுக்கு 108-ஐ அழையுங்கள். மரத்திலிருந்து விழுந்தவரையும் சாலை விபத்தில் சிக்கியவரையும் மடக்கிக் காருக்குள் திணிப்பதால், முறிந்த முதுகெலும்பு தண்டுவடத்தை நசுக்க நேரலாம். சில நிமிடம் காத்திருந்து பலகையில் கிடத்தி எடுத்துச் செல்வது, வாழ்நாள் முழுவதும் நடக்கும் வல்லமையைக் காப்பாற்றக்கூடும்.

புதிய கார் வாங்கும் குடும்பங்களுக்கு

சிறுநீரகச் செயலிழப்பால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர், ஆண்டுக்கு 156 முறை மருத்துவமனைக்கு வருகிறார். போக்கும் வரத்துமாக 312 முறை காரில் ஏறுகிறார். 312 முறை இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தால், நாளடைவில் அவர் ஒரு முறை தவிர்க்கத் தொடங்குவார். “உங்களுக்கு ஏன் சிரமம், அடுத்த வாரம் போகலாம்” என்பார். மருத்துவமனைக்கு வருவது மட்டுமன்று. பேரன் திருமணம், ஆண்டாள் கோயில், உறவினர் வீடு எல்லாமே இவ்வாறு ஒவ்வொன்றாகக் குறையும். ஏற முடியாத கார், முதியவரை வீட்டுக்குள் அடைத்துவிடும். அந்த அடைப்பு அவர் உடலையும் உள்ளத்தையும் ஒருசேரத் தளர்த்தும்.

ஆகவே கார் வாங்கப் போகும்போது அந்த முதியவரையும் விற்பனையகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நிறத்தையும் திரையையும் இளையவர்கள் பார்க்கட்டும். அவர் நான்கு முறை ஏறி இறங்கிப் பார்க்கட்டும். கதவு எவ்வளவு விரிகிறது, பற்றிக்கொள்ள உறுதியான பிடி இருக்கிறதா, முழங்கால் எங்கே நிற்கிறது, தலைத்தாங்கி அவர் தலைக்குச் சரியாக நிற்கிறதா, சீட் பெல்ட்டை அவரே மாட்டிக்கொள்ள முடிகிறதா, நடைச்சட்டம் டிக்கியில் அடங்குகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருக்கு” என்றே பெரியவர்கள் சொல்வார்கள், அவர் எழும்போது முகத்தைக் கவனியுங்கள்.

வாடகைக் காருக்கும் இதே அளவுகோல்தான். நாளை வீடு திரும்பவிருப்பவர்கள், இன்றே ஓட்டுநரிடம் காரின் வகையைக் கேட்டுச் செவிலியரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ தெரிவியுங்கள். ஏறும் முறையை வார்டிலேயே நாற்காலியில் பழக்கிவிடுவோம். திண்டு ஒன்று, துண்டு இரண்டு, வழுவழுப்பான பை ஒன்று ஆகியவற்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். காலையில் போட வேண்டிய வலி மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முன்பே போட்டுவிடலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.